கல்லும் வைக்கோலும்

அரண்மனைகளைப் பற்றி எழுதியவர்கள் பலர். கோட்டை கொத்தளங்களையும் பளிங்கு மாளிகைகளையும் கண்டு வியந்து நூல் செய்தோர் தொகை பெரிது. ஆனால் உழவனும் தச்சனும் இடையனும் குடியிருந்த சிறு வீட்டைப் பற்றி எழுத முன்வந்தவர்கள் மிகச் சிலரே. மன்னன் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தான். குடியானவனோ தன் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. எனினும் அவன் வாழ்ந்த வீடு இன்றும் நிற்குமாயின், அதன் சுவரும் கூரையும் அடுப்பும் படிக்கட்டும் அவன் வரலாற்றைத் தெளிவாகவே எடுத்துரைக்கின்றன. கேட்கும் பொறுமை ஒன்றே நமக்கு வேண்டுவது.

இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுஷயரின் வடபகுதியில், கிரேட் டியூ என்றொரு சிற்றூர் உண்டு. பான்பரி நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 8 மைல் தொலைவு. சிப்பிங் நார்ட்டனுக்கு வடகிழக்கே 5 மைல். பள்ளத்தாக்கின் சரிவில், அடர்ந்த மரங்களுக்கிடையே, பழுப்புப் பொன் நிறக் கல் சுவர்களும் வைக்கோல் கூரைகளும் கொண்ட வீடுகள் அங்கு வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆங்கில நாட்டுப்புறம் என்றதும் நாட்காட்டிகளிலும் பிஸ்கட் பெட்டிகளின் மூடிகளிலும் நாம் காணும் படம் எதுவோ, அதுவே அவ்வூர். அந்த வீடுகளின் கட்டுமானத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். அவ்வாறு சொல்லப் புகுங்கால், நம் சென்னைப் பட்டினத்தின் கடற்கரைக் கோட்டையையும் தொட்டுத்தான் மீள வேண்டியிருக்கிறது. அது ஏன் என்பது பின்னர் விளங்கும்.

முதலில் கல்லைப் பார்ப்போம். தென்கடற்கரையிலுள்ள டார்செட்டிலிருந்து வடகிழக்கே லிங்கன்ஷயர் வரை, இங்கிலாந்தின் குறுக்கே சுண்ணாம்புக்கல் பட்டை ஒன்று நீண்டு கிடக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலடியில் படிந்து இறுகிய பாறை அது. பட்டையின் ஒரு பகுதியில், பான்பரி வட்டாரத்தில், கல்லோடு இரும்பும் கலந்துள்ளது. நிலத்தின் ஆழத்திலிருந்து வெட்டி எடுக்கும்போது அது பச்சையும் நீலமும் கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். காற்றும் ஈரமும் பட்டபின் உள்ளிருக்கும் இரும்பு துருவேறித் தேனின் நிறத்தையும் முற்றிய வெல்லத்தின் நிறத்தையும் அடைகிறது. வண்ணம் பூசியவர் எவரும் இலர்; வீட்டின் நிறம் அவ்வூர் மண்ணின் நிறமே. உழுத வயலையும் அதன் கரையில் நிற்கும் சுவரையும் ஒருசேரப் பார்ப்பவர்க்கு இவ்வுண்மை உடனே புலப்படும்.

அவ்வீட்டின் சுவர் ஏறத்தாழ 2 அடிக் கனமுடையது. உட்புறம் ஒரு வரிசை, வெளிப்புறம் ஒரு வரிசை எனக் கல்லை அடுக்கி, இடையே உடைகல்லும் மண்ணும் சுண்ணாம்பும் இட்டு நிரப்பினார்கள். இரு வரிசைகளும் பிரிந்து போகாதிருக்க, இடையிடையே நீண்ட கல்லைக் குறுக்கே கிடத்திப் பிணைத்தார்கள். நன்கு செதுக்கிய பெரிய கற்கள் மூலைகளுக்கும் வாயில் சன்னல்களின் ஓரங்களுக்கும் மட்டுமே கிடைத்தன. ஏனைய இடங்களில் கைக்குக் கிடைத்த கல்லே போதுமானதாயிற்று. அடித்தளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கனமே அச்சுவரின் வலிமை.

சாந்தைப் பற்றியும் ஒரு சொல். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. ஈரத்தை உள்வாங்கவும் வெளிவிடவும் வல்லது. மழையில் நனைந்த சுவர் வெயில் கண்டதும் அச்சாந்தின் வழியே மூச்சு விட்டு உலர்ந்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் பழுது பார்க்க வந்தவர்கள் பல இடங்களில் சிமென்ட்டைப் பூசினார்கள். சிமென்ட்டோ ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட நீர் கல்லுக்குள் புகுந்து, பனிக்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் முகத்தையே பெயர்த்தது. மென்மையானது காத்த சுவரை வன்மையானது சிதைத்தது. பழைய வீட்டைத் தொடுபவன் முதலில் அதன் இயல்பை அறிய வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

இனி உள்ளே நுழைவோம். அக்காலத்துச் சிறு வீடு ஓர் அறையின் அகலமே உடையது. நீளவாக்கில் ஓர் அறை அல்லது இரண்டு. அவற்றின் நடுநாயகம் அடுப்புதான். ஒரு பக்கச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஓர் ஆள் உள்ளே அமரத்தக்க பெரும் கணப்பு. அதன்மேல் குறுக்கே கிடக்கும் பருத்த ஓக் உத்தரம். உத்தரத்தின்மேல் எழும் கல் புகைபோக்கி. அடுப்பின் உட்சுவரில் ரொட்டி சுடுவதற்கென ஒரு குழி. புகைபோக்கிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே எஞ்சிய மூலையில், ஒருவர் மட்டுமே ஏறத்தக்க சுழற்படிக்கட்டு. அது கூரைக்கு அடியிலுள்ள உறங்கும் அறைக்குச் செல்கிறது. அங்கு நடுவில்தான் நிமிர்ந்து நிற்க முடியும். இரு பக்கங்களிலும் கூரையின் சரிவு தலையில் இடிக்கும். சிறு சன்னல் ஒன்று வைக்கோலுக்கிடையே, புருவத்தின் கீழ் விழிக்கும் கண்ணைப்போல வெளியே பார்க்கும்.

இந்தப் புகைபோக்கி ஒரு காலத்தில் புதுமையாயிருந்தது என்றால் வியப்பாக இருக்கும். அதற்கு முன்னைய வீடுகளில் நடுக்கூடத்தில் தீ எரிந்தது. புகை கூரையின் இடுக்குகளின் வழியே வெளியேறிற்று. 1577இல் வெளிவந்த தம் இங்கிலாந்து விவரண நூலில் வில்லியம் ஹாரிசன் என்பார், ஊரெங்கும் புகைபோக்கிகள் பெருகிவிட்டதை முதியோர் கண்ட மாறுதல்களுள் ஒன்றாகக் குறித்துள்ளார். 1953இல் வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் எழுதிய ஒரு கட்டுரை, 1570 முதல் 1640 வரையிலான காலத்தில் ஆங்கிலக் கிராமப்புறமே பெரும்பாலும் புதிதாகக் கட்டப்பட்டது என்று நிறுவ முயன்றது. பின்வந்த ஆய்வாளர்கள் அக்கால எல்லையை நீட்டியும் திருத்தியும் உள்ளனர். பான்பரி வட்டாரத்தில் அவ்வலை பதினேழாம் நூற்றாண்டு முழுவதும் வீசிற்று என்பது அங்கு நிற்கும் வீடுகளிலிருந்தே விளங்கும். விளைபொருளின் விலை ஏறியது. நிலத்தில் உறுதியான உரிமை பெற்றிருந்த உழவன் கையில் நாலு காசு சேர்ந்தது. அவன் முதலில் செய்தது தன் வீட்டைக் கல்லால் கட்டியதும், புகையைச் சுவருக்குள் அடைத்து வெளியேற்றியதும்தான். புகை தொலைந்த கூடத்தின்மேல் மாடி எழுந்தது. மாடி எழுந்ததும் குடும்பத்தினர்க்குத் தனி உறங்கறை கிடைத்தது. கண் எரியாமல் உண்பதும் மறைவாக உறங்குவதும் மனிதன் நெடுங்காலம் உழைத்துப் பெற்ற செல்வங்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கூரைக்கு வருவோம். வைக்கோல் கூரையின் இரகசியம் அதன் சரிவிலே இருக்கிறது. ஏறத்தாழ 50 பாகைச் செங்குத்தான சரிவு. மழைத்துளி ஒரு தாளிலிருந்து மறு தாளுக்கு வழுகி இறங்கி, மேற்புறத்து ஓர் அங்குலத்தை மட்டுமே நனைத்து, தாழ்வாரத்தின் விளிம்பிலிருந்து சொட்டிவிடும். தாழ்வாரம் சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். அதனால் நீர் சுவரைத் தொடுவதில்லை, பீலியும் தேவையில்லை. சரிவு குறைந்தால் நீர் தங்கும்; நீர் தங்கினால் கூரை மக்கும். கல்லோட்டைக் காட்டிலும் வைக்கோல் பாரம் குறைந்தது என்பதால், கைமரங்களும் மெலிதாக, இழைக்காத கழிகளாக இருந்தாலே போதும். ஓர் அடிக்கும் மேற்பட்ட கனமுள்ள அப்போர்வை குளிரில் வெம்மையையும் கோடையில் தண்மையையும் காக்கிறது.

வேய்பவன் வைக்கோலை நனைத்து, கையால் கோதி, நீண்ட கற்றைகளாக்கி, அடியிலிருந்து முகடு நோக்கி வரிசை வரிசையாகப் பதித்துச் செல்கிறான். ஹேசல் என்னும் சிறுமரத்தின் குச்சியைப் பிளந்து, நடுவில் முறுக்கி, கொண்டை ஊசிபோல் வளைத்து, அதனாலேயே கற்றைகளைத் தைக்கிறான். இந்த நீள்வைக்கோல் கூரை 15 முதல் 25 ஆண்டு வரை தாங்கும். நீர்நிலை நாணலால் வேய்ந்தால் இருமடங்கு காலம் நிற்கும். முகட்டை மட்டும் 10, 15 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழையதை முற்றிலும் களைவதில்லை. மேலே நைந்ததை வாரிவிட்டு, அடியிலுள்ள நல்ல பகுதியின்மேல் புதியதைப் போர்த்துவார்கள். ஆகவே சில கூரைகளின் அடியடுக்கு பல நூற்றாண்டுப் பழமை உடையது. தென்னிங்கிலாந்தில் இன்னும் சில வீடுகளில், புகைபோக்கி வருவதற்கு முன்னைய அடுப்பின் கரி படிந்த வைக்கோல் அப்படியே கிடக்கிறது. ஜான் லெட்ஸ் என்னும் ஆய்வாளர் அதை ஆராய்ந்து 1999இல் நூலாக வெளியிட்டார். இடைக்காலத்து வயலில் விளைந்த கோதுமையும் கம்புப்புல்லும் களைச்செடிகளும் அங்குக் கதிரோடு அகப்பட்டன. உழவனின் பெயர் மறைந்தது. அவன் விதைத்தது அவன் கூரையில் தங்கியிருக்கிறது.

வைக்கோலுக்கு ஒரு பகை உண்டு, அது நெருப்பு. 1212இல் நிகழ்ந்த பெருந்தீயின்பின் இலண்டன் மாநகரில் வைக்கோல் கூரை விலக்கப்பட்டது. 1613இல் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு, நாடகத்திற்காக வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் பற்றிச் சாம்பலாயிற்று. இப்படித் தலைநகர் வைக்கோலைத் துறந்தது; செல்வரும் ஓட்டுக்கும் ஈயத்தகட்டிற்கும் மாறினர். வைக்கோல் ஏழையின் அடையாளமாயிற்று.

கூரை எளியதாயிருப்பதை இழிவாகக் கருதும் மனம் நமக்கு இருக்கக்கூடாது. மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் தூண்கள் பேரீச்ச மரங்கள். கூரை பேரீச்ச ஓலை. ரமலான் இரவொன்றில் மழை பெய்து கூரை ஒழுக, சஜ்தாவில் பதிந்த திருநெற்றியில் ஈரமண் ஒட்டியிருந்ததைத் தோழர்கள் கண்டதாக ஹதீஸ் உரைக்கிறது. உலகின் ஒரு பெரும் நாகரிகம் ஓலைக்கூரையின் கீழிருந்து புறப்பட்டது என்பதை அறிந்த நாம், வைக்கோல் கூரையை ஏளனமாக நோக்கமாட்டோம். ஆனால் அதே காரணத்தால், அதை வெறும் அழகுப் பொருளாக நோக்கவும் நம்மால் இயலாது. கூரைக்குக் கீழே இருந்த மனிதன் எப்படி வாழ்ந்தான் என்னும் வினா நம்மை விடாது.

அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை இனிமையானதன்று. 1589இல் எலிசபெத் அரசியின் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு குடிலுக்கும் 4 ஏக்கர் நிலம் இருந்தாக வேண்டும். ஒரு குடிலில் ஒரு குடும்பமே வாழ வேண்டும் என்றது அச்சட்டம். நிலமற்றவன் குடில் கட்டலாகாது என்பதே அதன் மறுபக்கம். அது பலவாறு மீறப்பட்டு, 1775இல் நீக்கப்பட்டது. அதற்குள் பொது மேய்ச்சல் நிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டு வந்தன. பசுவுக்கும் வாத்துக்கும் இடமிருந்த உழவன் கூலியாளானான். 1830இல் தென்னிங்கிலாந்து எங்கும் கூலிகள் கிளர்ந்தெழுந்து, தங்கள் குளிர்கால வேலையைப் பறித்த கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள், பலர் தூக்கிலிடப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் கடல் கடந்து நாடு கடத்தப்பட்டனர். ஓவியத்தில் அமைதி ததும்பும் அந்தச் சிறு சன்னலுக்குப் பின்னே, ஒரே அறையில் பெற்றோரும் பிள்ளைகளும் முடங்கிக் கிடந்த இரவுகள் எத்தனையோ!

இங்குதான் சென்னை வருகிறது. 1780இல் கிரேட் டியூ பண்ணையை விலைக்கு வாங்கியவர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்பவர். 1793இல் மேலும் வாங்கினார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில், புனித ஜார்ஜ் கோட்டையில் பொருள் திரட்டியவர். நம் வரலாற்றில் அவர் பெயர் வேறொரு நிகழ்ச்சியால் நிலைத்தது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காகக் கம்பெனிப் படை 1773இல் தஞ்சையைக் கைப்பற்றியது. கம்பெனியின் இயக்குநர்களோ தஞ்சையை மன்னர் துளஜாவிடமே திருப்பித் தருமாறு ஆளுநர் பிகட் பிரபுவைப் பணித்தனுப்பினர். அவ்வாறே 1776இல் தஞ்சை திரும்பத் தரப்பட்டது. நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த ஆங்கிலேயர்கள் கொதித்தெழுந்தனர். அவர்களுள் ஒருவரான பால் பென்ஃபீல்டு, தஞ்சை நிலத்து விளைச்சலே தம் கடனுக்கு ஈடு என்று உரிமை கோரினார். ஆளுநரின் அவையில் பெரும்பான்மையோர் பிகட்டுக்கு எதிராகத் திரண்டு, 1776 ஆகஸ்ட் 24 அன்று ஆளுநரையே சிறைப்பிடித்தனர். அவர்களின் தலைவர் ஸ்ட்ராட்டன். ஆளுநர் நாற்காலியில் அமர்ந்தவரும் அவரே. பிகட் 1777 மே மாதம் காவலிலேயே மாண்டார். இலண்டனில் வழக்கு நடந்தது. ஸ்ட்ராட்டனுக்கும் உடனிருந்த மூவருக்கும் 1780இல் தலைக்கு 1,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அவர் கிரேட் டியூவை வாங்கினார்.

1800இல் அவர் மறைந்தபின் மகன் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்ட்ராட்டன், 1808இல் ஜான் லவுடன் என்னும் இளம் ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞரை வரவழைத்தார். ஊரிலும் சுற்றிலும் அவர் நடுவித்த அலங்கார மரங்களே இன்று அவ்வூருக்கு ஓவியத் தோற்றம் தருகின்றன. பழைய சுவர்களுக்குப் பின்னே கரும்பச்சைத் திரை ஒன்றை விரித்தவர் அவர். லவுடன் வெறும் அழகுக்கலைஞர் அல்லர். 1833இல் அவர் வெளியிட்ட குடில், பண்ணை, மாளிகைக் கட்டடக்கலைக் களஞ்சியம், உழைப்பாளியின் வீட்டிலும் காற்றும் ஒளியும் உலர்ந்த தரையும் இருக்க வேண்டும் என்று வாதாடியது. அந்த நல்லெண்ணத்தின் விதை கிரேட் டியூவில் விழுந்திருக்கலாம். ஆயினும் அவருக்குக் கூலி கொடுத்த கைக்குச் செல்வம் வந்த வழி சோழமண்டலக் கடற்கரைக்கல்லவா நீள்கிறது?

இலையுதிர் காலத்துப் பிற்பகல் ஒன்றில் நான் அவ்வூரின் புல்வெளி ஓரமாக நடந்தேன். அடுப்புப் புகை மெல்ல எழுந்துகொண்டிருந்தது. வெயில் சாயச் சாயச் சுவர்களின் நிறம் ஆழ்ந்துகொண்டே போயிற்று. அழகு என்னை ஆட்கொண்டது, அதை மறைப்பானேன்? ஆனால் கூடவே சேப்பாக்கத்து அரண்மனையும், கடனில் மூழ்கிய நவாபும், வரி கொடுத்தே இளைத்த தஞ்சைக் குடியானவனும் நினைவுக்கு வந்தார்கள். தன் சொந்த வயலில் நெல் அறுத்து, தன் சொந்த வைக்கோலால் வீடு வேய்ந்த அவனுடைய குடிசை எதுவும் இன்று நிற்கவில்லை. அவன் கட்டிய வரியில் ஒரு துளியேனும் இம்மரங்களின் வேருக்கு வந்திருக்குமோ என்று எண்ணியவாறு நெடுநேரம் நின்றேன்.

கணக்கில் இரண்டு பத்திகள் உண்டு. இரண்டையும் எழுதுவதே நேர்மை. சுவரை எழுப்பியவன் ஸ்ட்ராட்டன் அல்லன். அவருக்கு நூறாண்டுக்கும் முன்பே பல வீடுகள் அங்கு நின்றன. காலடியில் கிடந்த கல்லையும் வயலில் மிஞ்சிய வைக்கோலையும் கொண்டு, எவரையும் கொள்ளையிடாமல் அவற்றைக் கட்டியவன் அவ்வூர் உழைப்பாளி. அவனுடைய கைவினை தூயது. அதைச் சுற்றிச் சட்டமிட்டுக் காட்சியாக்கியது மட்டுமே பின்வந்த செல்வம்.

அச்செல்வமும் நிலைக்கவில்லை. 1815-16இல் பண்ணை, நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற மேத்யூ போல்ட்டனின் மகனுக்கு விற்கப்பட்டது. 1914இல் அக்குடும்பம் வாரிசின்றி முடிந்தது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பண்ணை பொறுப்பாளர் கையில் இருந்தது. கூரைகள் ஒழுகின, வேய்வாரில்லை. வைக்கோல் போனால் கைமரம் மக்கும். கைமரம் போனால் சுவரின் தலையில் மழை இறங்கும். 300 ஆண்டு நின்ற சுவர் சில பனிக்காலங்களில் சரிந்துவிடும். 1974இல் வெளிவந்த, பெவ்ஸ்னர் வரிசைக் கட்டடக்கலை நூல் இவ்வீடுகளின் பாழ்நிலையைக் குறித்து வருந்தியது. 1978இல் ஊர் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. படிப்படியாக வீடுகள் மீட்கப்பட்டன. இன்று அப்பண்ணை நிலத்திலேயே செல்வர்களுக்கான தனி மன்றம் ஒன்று 2015 முதல் நடைபெறுகிறது. கூலியாளின் குடில் கோமான்கள் விரும்பும் மனையாகிவிட்டது.

கூரைக்கும் புதுச் சிக்கல் வந்துள்ளது. பசித்த நாடுகளுக்கு உணவளித்த குட்டை ரகக் கோதுமையின் தாள் வேய்வதற்கு நீளம் போதாது. அறுவடை இயந்திரமோ தாளை நசுக்கிவிடுகிறது. ஆகவே வேய்வோருக்காகச் சில உழவர்கள் 1960களின் மாரிஸ் விஜியன் போன்ற நெடுந்தாள் ரகங்களை விதைத்து, பழைய கதிர்க்கட்டு இயந்திரங்களால் அறுத்துத் தருகிறார்கள். ஒரு கூரை வாழ ஒரு வயல் வாழ வேண்டும். வயல் வாழ அதை அறிந்த கை வாழ வேண்டும்.

மறுமையில் மனிதனிடம் அவன் செல்வத்தைப் பற்றி இரு கேள்விகள் கேட்கப்படும் என்பது நம் நம்பிக்கை. எவ்வழியில் ஈட்டினாய் என்பது ஒன்று. எதில் செலவிட்டாய் என்பது மற்றொன்று. அழகிய ஊர்களிடமும் அவ்விரு கேள்விகளைக் கேட்பதில் தவறில்லை. கிரேட் டியூவின் கல்லும் வைக்கோலும் அவற்றுக்குத் தலைநிமிர்ந்து விடை சொல்லும். அதன் மரங்கள் சற்றே தயங்கும். நம்மவர் எவரேனும் அப்பக்கம் செல்ல நேர்ந்தால், சுவரைத் தடவிப் பார்க்கட்டும், கூரையை அண்ணாந்து பார்க்கட்டும், கட்டியவனுக்காக ஒரு நல்ல சொல் சொல்லட்டும். பின்னர் அம்மரங்களின் நிழலில் சற்று நின்று, தஞ்சை வயலில் வியர்வை சிந்தியவனையும் நினைத்துவிட்டு வரட்டும். இருவரும் வைக்கோல் வேய்ந்த கூரையின் கீழ் வாழ்ந்தவர்களே.